வெள்ளிக்கிழமைப் பேச்சும் வெள்ளை மாத்திரையும்

சின்ன வயதில் என் அப்பாவுக்கு நான் பெரும்பாலும் ஒரு குரல்தான். குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். அவருக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்று பள்ளிக்கூடம் விட்டுக் கீழப்பழுவூர் வீட்டுக்குள் நான் நுழைவதற்கும் போன் வருவதற்கும் சரியாக இருக்கும். பையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பிப்பேன். வாத்தியார் நாற்காலி உடைந்தது, அதை முதலில் பார்த்தவளுடைய அக்கா கல்யாணம், அங்கே தீய்ந்துபோன சாம்பார் என்று தாவிக்கொண்டே போவேன். எந்தக் கதையும் முடியாது. அப்பா ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

வகுப்பில் இதற்கு மதிப்பில்லை. உட்காரச் சொன்னால் நிற்பேன். எழுதச் சொன்னால் பாதியில் ஜன்னலுக்குப் போய்விடுவேன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், எதிர்ப்புறம் போன பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்து, அம்மாவின் கையை உதறிவிட்டுச் சாலையில் ஓடினேன். சிமெண்டு லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி என்னை விட்டுவிட்டு அம்மாவைத் திட்டினார். அடுத்த வாரமே அம்மா என்னைத் திருச்சிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா இரண்டு மூன்று முறை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று அலையும் குறைபாடு என்று சொன்னார். காலையில் போட ஒரு வெள்ளை மாத்திரை.

"எடைய மட்டும் வச்சு இதுக்கு அளவு சொல்ல முடியாதும்மா. கொஞ்சமா ஆரம்பிச்சு, புள்ளையப் பாத்துப் பாத்துதான் ஏத்தணும்."

தூக்கம், சாப்பாடு, படிப்பு என்று அம்மா ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டாள். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. தனியாகக் கிடந்து கவலைப்படுவாராம்.

முதல் அளவில் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவதில் ஒரு பக்கம் முழுதாக எழுதினேன். மூன்றாவதில் பள்ளிக்கூடத்தின் அதிசயமானேன். டீச்சர் என்னை முன் பெஞ்சுக்கு மாற்றி, என் நோட்டைப் பக்கத்து வகுப்புக்கு எடுத்துப்போய்க் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதியச் சோறு அப்படியே திரும்பி வந்தது. அதை அம்மா நோட்டில் எழுதினாள். வீடு அமைதியாக இருந்ததில் அவளுக்கும் கொஞ்சம் நிம்மதிதான்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "சாப்ட்டேன். படிச்சேன். அம்மாட்ட தரேன்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. நான்காவது வாரம் அப்பா அம்மாவிடம் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"புள்ளைக்கு எம்மேல கோவமா? இல்ல, என்னய மறந்துட்டாளா?"

அம்மா தரையில் உட்கார்ந்து, லாரி முதல் மாத்திரைவரை எல்லாவற்றையும் சொன்னாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைநிமிரத் தோன்றவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா என் எடையைப் பார்த்து முகம் சுளித்தார். நோட்டைப் புரட்டினார். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இதுல எழுத எடமில்லாத ஒண்ணு இருக்குங்க மேடம். அவங்க அப்பாட்ட இவ பேசவே மாட்டேங்கிறா. வூட்ல இருக்கா, ஆனா இல்லாத மாதிரி இருக்கா."

டாக்டரம்மா என்னிடம் ஏன் என்று கேட்டார். "சொல்றதுக்கு ஒண்ணும் தோணல" என்றேன். அவர் நோட்டை மூடி வைத்தார். அளவு கூடிவிட்டது என்று சொல்லி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைப்பட்ட ஒன்றை எழுதினார். முன் பெஞ்சு போய்விடுமே என்று திரும்பும் பஸ்ஸில் அழுதேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மதியச் சோற்று டப்பா காலியாகத் திரும்பத் தொடங்கியது. டீச்சரின் பாராட்டு பாதியானது. சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சுண்ணாம்புக்கல் லாரி பஞ்சராகி நடுரோட்டில் நின்ற கதையை அப்பாவிடம் எடுத்தேன். நடுவில் ஆட்டுக்குட்டிக்குத் தாவினேன், குட்டிக்காரரின் மீசைக்குப் போனேன். ஆனால் இந்த முறை லாரிக்குத் திரும்பி வந்து கதையை முடித்தேன்.

எதிர்முனையில் சத்தமே இல்லை.

"அப்பா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா. நீ சொல்லு."

குரல் கரகரத்து அடைத்திருந்தது. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, அடுப்படியில் இருந்த அம்மாவிடம் சொன்னேன்: "அப்பாவுக்குச் சளி புடிச்சிருக்கும்மா. வெந்நி குடிக்கச் சொல்லு."