நிழலுக்குப் போட்ட பந்தல், தூங்கப் போட்ட பெஞ்சு

பந்தல் போட்டேன். கடை படுத்துவிட்டது.

மெஸ் தொழிலில் இரண்டு தலைவலி. ஆள் வந்து உட்காராத பெஞ்சு ஒன்று. வந்த ஆள் எழுந்திருக்காத பெஞ்சு இன்னொன்று. 1991 கோடையில் இரண்டையும் ஒரே பந்தலுக்கடியில் பார்த்தேன். மெஸ் நடத்தி நொந்தவர்கள் மேலே படிக்கலாம். நடத்தாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். அவர்களும் படிக்கட்டும், புத்தி வரும்.

பென்னலூர் பக்கம், மெயின் ரோட்டை ஒட்டிக் கடை. உள்ளே பத்துப் பேர் உட்காரலாம். இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஒன்று பக்கத்தில், அந்த ஆட்கள் வந்தாலே நிறைந்துவிடும். வெளியே சிமெண்ட் தளம், நாலு பெஞ்சு. மேலே வானம்.

ரசமும் பெஞ்சும்

பக்கத்தில் புதிதாக ஒரு ஒயர் கம்பெனி வந்தது. ஒரு லைன் முழுக்கப் பெண்கள். கேன்டீன் இன்னும் கட்டவில்லை. உள்ளே போடுகிற பத்து இலை வாடகைக்கே காணாது. அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு என்னிடம் வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் மூட வேண்டியதுதான். மூடினால் அரக்கோணத்தில் மச்சானுடைய அரிசி மில். அங்கே வாட்ச்மேன் வேலைக்கான ஸ்டூலை மச்சான் எனக்காகத் துடைத்தே வைத்திருந்தார். மச்சானிடம் கைகட்டி நின்ற ஆண்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

முதல் நாள் பெண்கள் வந்தார்கள். உள்ளே இடமில்லை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்து இலை போட்டேன். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார்கள். லைன் லீடர் ஸ்டெல்லா, சேரப்பணஞ்சேரிப் பெண். ஒரு விரலால் ரசத்தைத் தொட்டாள். இன்னொரு விரலால் பெஞ்சைத் தொட்டாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, ரசம் ஆறிப்போய்க்கீது, பெஞ்சுதான் கொதிக்குது. பெஞ்ச இலையில ஊத்து, ரசத்து மேல குந்திக்கிறோம்."

ஆளுக்கொரு கூரை

வெளியே கூரை போடலாமா, வேண்டாமா? ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெயில் எனக்குச் சம்பளமில்லாத வேலையாள். சாப்பிட்டவனைக் கை காயும் முன்னே கிளப்பிவிடும். நிழல் வந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் அரசியல் வரும். அரசியல் வந்தால் பெஞ்சு போயிற்று. ஆனால் நிழல் இல்லாவிட்டால் பெண்கள் இல்லை. மச்சான் இருக்கிறார்.

நாலு பேரிடம் யோசனை கேட்டது மடத்தனம். பிரஸ் ஷாப் ஃபோர்மேன் தகர ஷீட் என்றார். மளிகைக்காரர் அஸ்பெஸ்டாஸ் என்றார். என் மனைவி சரோஜா, ஒன்றும் வேண்டாம், மழை வந்தால் சூடு தானாகத் தணியும் என்றாள். எந்த மாதத்து மழை என்று சொல்லவில்லை.

கடைசியில் வடக்குப்பட்டு ஏழுமலையைக் கூப்பிட்டேன். கீற்றும் சவுக்குக் கம்பும் வைத்துப் பந்தல் கட்டுகிறவன். ஆனாலும் தகரத்து ஆசை எனக்கு விடவில்லை. அவனிடமே கேட்டேன், தகரம் போட்டால் என்ன என்று. தளத்தை ஒரு சுற்று வந்தான். வெற்றிலையை ஓரமாய்த் துப்பினான்.

"தாராளமா போடு நைனா. ஆளுங்கள உள்ள குந்த வெச்சி கொஞ்ச நேரம் வுடு. இட்லி மாரி வெந்து வருவாங்க."

கீற்றே போடச் சொன்னேன்.

விருந்தாளிகள்

நன்றாகத்தான் கட்டினான். அடியில் நின்றால் காற்று சட்டைக்குள் புகுந்து வெளியே போனது. மறுநாள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். நாலு பெஞ்சிலும் நாலு பேர். உட்கார்ந்து இல்லை. படுத்து.

பிரஸ் ஷாப்பில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள். தலைவன் பால்துரை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். அவர்கள் வாடகை அறைக்கு மேலே அஸ்பெஸ்டாஸ். பகலில் அதற்குள் படுப்பவன் வறுபடுவான். அதனால் காலையில் என் கடையில் பொங்கலைத் தின்றுவிட்டு, என் பந்தலிலேயே சாய்ந்துவிட்டார்கள். மதியம் பெண்கள் வந்தார்கள். நாலு கைலி, நாலு குறட்டை. பார்த்தார்கள், சிரித்தார்கள், திரும்பிப் போனார்கள். எதிர் டீக்கடையில் பன் தின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால்துரையைப் பிடித்து உலுக்கினேன். ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"அண்ணாச்சி, பந்தல் அருமையா போட்டிருக்கிய. ஒரு தலகாணி மட்டுந்தான் கொறையுது."

எழுப்பிப் பார்த்தேன்

எவர்சில்வர் தட்டுகளைத் தளத்தில் உருட்டினேன். பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவனுக்கு அது தாலாட்டு. மிளகாய் வறுத்தேன். தும்மினார்கள். தும்மிவிட்டுப் புரண்டு படுத்தார்கள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் வெளியே ஓடினார்கள். 'இங்கு படுக்கக் கூடாது' என்று அட்டையில் எழுதி மாட்டினேன். மறுநாள் அந்த அட்டையால் ஒருவன் விசிறிக்கொண்டிருந்தான்.

அடித்து விரட்டவும் வழியில்லை. மற்ற இரண்டு வேளையும் கடையைத் தாங்குகிறவர்கள் அவர்கள்தான். பெண்களோ தினமும் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பன்னுக்குப் போனார்கள். வார முடிவில் மச்சான் ஆள் அனுப்பினார். ஸ்டூல் காலியாகவே இருக்கிறதாம். அன்று சரோஜா வெளியே வந்து, மேலே பந்தலைப் பார்த்தாள், கீழே நாலு பேரைப் பார்த்தாள்.

"சாப்பாட்டுக் கடைன்னு போர்டு கீதே, அத்த அழிச்சிட்டு லாட்ஜுன்னு எழுது. வாடகையாவது வரும்."

சார்ஜ்

திங்கட்கிழமை முடிவு செய்துவிட்டேன். பந்தலைப் பிரிக்க வேண்டியதுதான். ஏழுமலை ஏணியோடு வந்து நின்றான். முகம் கறுத்திருந்தது, கட்டியதை அவனே பிரிப்பதென்றால் கறுக்காதா? அந்த நேரம் பார்த்துப் பெண்கள் வந்தார்கள். பன் அலுத்துவிட்டது போல. ஸ்டெல்லா ஏணியைப் பார்த்தாள். "இன்னாண்ணா, பிரிக்கப் போறியா? சித்த இரு" என்றாள். நேராகப் பால்துரை படுத்திருந்த பெஞ்சருகே போய் நின்றாள். கத்தவில்லை. லைனில் பேசுகிற சாதாரணக் குரல்.

"ரிலீவர் வந்தாச்சி. சார்ஜ் குடு."

கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ரிலீவர் என்றால் அடுத்த ஷிப்ட் ஆள். அவன் வரும்வரை மெஷினை விட்டு நகரக் கூடாது, தாமதமானால் அந்த நேரத்துக்கு ஓ.டி. கூலி. வந்துவிட்டால் நிற்கக் கூடாது. துடைத்து ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும், அதுதான் சார்ஜ் கொடுப்பது. இது மூளைக்குப் போகிற சேதி இல்லை, நேராகக் காலுக்குப் போகும். பால்துரை கண்ணைத் திறக்காமலே எழுந்தான். தோள் துண்டை எடுத்தான். பெஞ்சை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை துடைத்தான். ஒதுங்கி நின்றான். அப்புறம்தான் விழித்தான். அதற்குள் மற்ற மூன்று பெஞ்சுக்கும் மூன்று பெண்கள் போய் அதையே சொல்லிவிட்டார்கள். மூன்றும் காலி. மூன்றும் பளபள. நாலு பேரும் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திருதிருவென்று நின்றார்கள். ஏழுமலை ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு அவனும் சாப்பிட உட்கார்ந்தான்.

அதுவே வழக்கமாயிற்று. பெண்கள் வந்தால் இவர்கள் துடைத்துக் கொடுப்பார்கள். பெண்கள் கை கழுவியதும் திரும்ப வந்து படுப்பார்கள். ஸ்டூலுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி மச்சானுக்குச் சேதி அனுப்பினேன். ஒரு நாள் மட்டும் லைனில் ஏதோ கோளாறு, பெண்கள் வர நேரமாயிற்று. இலை நறுக்கி வைத்திருந்தேன். எழுந்து தொலையேன்யா என்று பால்துரையிடம் கத்தினேன். அசையவில்லை.

"ரிலீவர் இன்னும் வரலல்லா அண்ணாச்சி. இன்னைக்கு எனக்கு ஓ.டி."

யோசனை சொன்னது ஊர், கட்டியது ஏழுமலை, கத்தியது நான். அந்தப் பந்தலில் சோறு போட வைத்தவள் மட்டும் ஸ்டெல்லா.