தங்கச்சியின் தாடை வளர்வது நிற்கக் காத்திருந்தோம்

ஜன்னல் வெளிச்சத்தில் பல் டாக்டர் தூக்கிப் பிடித்த எக்ஸ்ரே படத்தில் என் தங்கச்சி பக்கவாட்டில் தெரிந்தாள்: மண்டையோடு, பல்வரிசை, கீழே இறங்கிப்போன தாடை. அவள் பார்க்க மறுத்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளுக்குப் பதிமூன்று வயது. முகம் நீண்டுகொண்டே போனது. வாயை மூடினால் பின்பற்கள் மட்டும் முட்டும். மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே விரல் நுழையும். ரொட்டியைப் பிய்த்துத்தான் தின்பாள், கையால் வாயை மறைத்துத்தான் பேசுவாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "முன்பல்ல புடுங்கிட்டு கட்டுப்பல்லு வச்சிரலாம். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வர வேணாமா?" என்றார். நான் அவரிடம் மன்றாடிவிட்டு, ஹட்டனில் ரயிலேறி அவளைக் கண்டிக்கு அழைத்துப் போனேன்.

தலை அசையாதிருக்க இரு காதுகளிலும் கட்டை செருகி எடுத்த படம் அது. யாழ்ப்பாணத்துக்காரரான டாக்டர் அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, தாடையைப் பென்சிலால் வரைந்தார். "தாடை முன்னுக்கு வளரேல்ல, கீழ வளருது. அவசரப்பட்டுப் பல்லுக்குக் கம்பி போட்டா முகம் இன்னும் நீளும். வளருறது நிண்ட பிறகுதான் போடலாம். அடுத்த வருஷம் இன்னொரு படம் எடுத்து ரெண்டையும் வச்சுப் பாப்பம்" என்றார்.

அந்த வருடம் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. அவள் பழைய சேலைக் கிழிசலால் தாடையை உச்சந்தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள். "இப்புடிக் கட்டுனா வளராதுல்லக்கா?" என்று கேட்டாள்.

இரண்டாவது படத்தின் கோடு முதல் கோட்டுக்கு நன்றாகக் கீழே விழுந்தது. எப்போது நிற்கும் என்று கேட்டாள். "அது எனக்கும் தெரியாது பிள்ளை" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் முன் போய் நின்றாள்.

"புடுங்கிருங்கப்பா. என்னால முடியல."

அவள் கன்னங்களில் துணி அழுத்திய தடத்தை அப்பா வெகுநேரம் பார்த்தார். "இன்னும் ஒரு படம் பாத்துருவோம்மா" என்றார்.

மறுவருடம் எடுத்த மூன்றாவது படத்தின் கோடு இரண்டாவதன் மேலேயே படிந்தது. வளர்ச்சி நின்றிருந்தது. வாயை மூடவிடாமல் முட்டுக்கொடுத்து நின்ற கடைவாய்ப் பற்களில் சிலவற்றைத்தான் டாக்டர் பிடுங்கினார்; பிறகு கம்பி கட்டினார்.

இப்போது என் பேத்தியின் தாடையைப் படமெடுத்தால், கணினித் திரையில் அந்தக் கோடுகள் கண்மூடித் திறப்பதற்குள் விழுகின்றன. தங்கச்சியின் முகம் இன்றும் நீளம்தான். ஆனால் கம்பியைக் கழற்றிய அன்று, திரும்பும் வழியில் ரயிலில் ஒரு கொய்யாப்பழம் வாங்கி முன்பல்லால் கடித்தாள். கடித்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"பல்லு பதிஞ்சிருக்குக்கா."