அரக்கு நிறக் கம்பிகள்

கார்த்திகை, முதல் வெள்ளிக்கிழமை. பிள்ளையார்பாளையம். மாலையில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை வந்தது. மின்சாரத்தை நிறுத்தினேன். டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. ஒலியைப் பெருக்கும் கண்ணாடி வால்வுகளில் வெளிப்படையான சேதமில்லை.

மறு செவ்வாய். மாற்று டிரான்ஸ்ஃபார்மர் சென்னையிலிருந்து வந்தது. கம்பிகளின் விவரத் தாள் அதனுடன் இல்லை.

அந்த ஆம்ப்ளிஃபயரைக் கட்டியவள் என் மனைவி. ஏனாத்தூர்க் கல்லூரியில் அவள் மின்னணுவியலும் நான் கணிதமும் கற்பித்த காலத்தில், ஒரு கோடை விடுமுறையில் கட்டினாள். சென்ற மார்கழியில் இறந்தாள். அவள் பொருத்திய வால்வுகள் இப்போது கிடைப்பதில்லை. கம்பி மாறினால் நொடியில் எரிந்துவிடும்.

எனக்குச் சிவப்பும் பழுப்பும் பிரித்தறிய வராது. அவளுடைய தம்பியை வரச்சொன்னேன். பட்டுக்குச் சாயமேற்றுபவர்; நிறத்தில் அவர் சொல்வதே எங்கள் தெருவில் முடிவு. கறுப்பு, மஞ்சள், பச்சை என்று வரிசையாகச் சொல்லிவந்தவர், எஞ்சிய நான்கையும் அரக்கு என்றார்.

நான்கும் ஒரே நிறம்தானா என்று கேட்டேன்.

"அரக்குன்னா அரக்குதான் மாமா. ரெண்டு முத்துனது, ரெண்டு இளசு. அக்கா முகூர்த்தப் புடவையவே பச்சைன்னு சொன்ன ஆளு நீங்க."

சொன்னது உண்மை. ஆனால் அவள் வரைந்துவைத்த இணைப்பு வரைபடத்தில் சிவப்பு உயர் மின்னழுத்தத்துக்கு, பழுப்பு வால்வின் இழையைச் சூடாக்குவதற்கு. சாயக்காரரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே சாயத்தின் இரண்டு பதங்கள்.

கம்பி முனைகளை ஒன்றோடொன்று படாமல் விலக்கிவைத்து, மின்சாரம் கொடுத்து, மீட்டரால் அளந்தேன். முத்தியது ஏழு வோல்ட்டுக்கும் குறைவு. இளசு ஐந்நூறைத் தாண்டியது.

"இளசுலயா இவ்ளோ இருக்குது?" என்று அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வால்வுகள் இழுக்கும் அளவுக்கு மின்தடைகளை இணைத்துச் சுமையேற்றிப் பார்த்தேன். அழுத்தம் வரைபடத்தில் உள்ள எண்ணுக்கு இறங்கி நின்றது. அரைமணி நேரத்துக்குப் பிறகும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு கைபொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. பொருந்தும் என்றேன்.

"அப்ப இன்னிக்கே மாட்டிடலாம் மாமா. திதியன்னிக்கு அக்கா கேட்ட பாட்டெல்லாம் போடலாம்."

பற்றவைப்புக் கோலைச் சூடேற்றி, ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்தேன். அடியில் அவளுடைய இணைப்புகள். ஒவ்வொரு கம்பியும் முனையில் ஒருமுறை சுற்றி, ஈயம் சொட்டாமல், ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. பழையதைக் கழற்ற அவற்றை உருக்கியாக வேண்டும்.

கோலை அணைத்தேன். அவர் டீ வாங்கிவரப் போனார்.

செய்யாமல் நிற்பவை:
புதிய டிரான்ஸ்ஃபார்மரைத் திருக, ஆம்ப்ளிஃபயர் சட்டத்தின் துளைகளை அகலப்படுத்துவது.
அவள் பற்றவைத்த முனைகளை விடுவிப்பது.
புதிய கம்பிகளை இணைப்பது.
திதிக்குள் முடியாது என்று மைத்துனரிடம் சொல்வது.