மீன் பெட்டிக்கு ஒரு சட்டை

என் கணவர் நாரந்தனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஊரூராகப் போய் மீன் விற்பவர். முன்னால் அவர், நடுவில் பள்ளிக்கூடம் போகும் எங்கள் மகள், பின்னால் கட்டிய, ஐஸ் போட்டு மீன் வைக்கும் றெஜிபோம் பெட்டி. ஐஸ் தண்ணீர் வடிவதற்காகப் பெட்டியின் அடியில் ஓட்டை போட்டிருக்கும். பிறேக் பிடித்தால் அந்த மீன்தண்ணீர் எங்கே போகும்? பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்குத்தான்.

ஒருநாள் காலை அவள் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். "நான் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டன். எனக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கினமில்லை."

மூன்று நாள் போகவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு, அவளை ஒதுக்கிய பிள்ளைகளின் தாய்மாரைத் தேடிப் போய்ப் பிடித்திருப்பேன். மனுசன்தான் தடுத்தார். "மீனை விட்டிட்டு எனக்கு வேறை என்ன செய்ய ஏலும்?" என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் கொடுப்பவள். பழைய தறப்பாளை வெட்டிப் பெட்டிக்கு அளவாக ஓர் உறை தைத்தேன். அடியிலிருந்த ஓட்டையையும் பசை போட்டு அடைத்தேன். ஒரு சொட்டு வெளியே வராது என்று பெருமை வேறு. அன்று மத்தியானம் சுருவில் ஊரில் சனம் மீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். உருகிய ஐஸ் தண்ணீரில் ஊறி, பாரை எல்லாம் குழைந்த சோறு மாதிரி ஆகிவிட்டது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற வேலையா இது!

"ஓட்டை சும்மாவே போட்டனாங்கள்?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன்.

அடுத்த முறை, பனஞ்சிலாகைச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்துப் பெட்டிக்குள் ஒரு தட்டு வைத்தேன். மீன் மேலே, தண்ணீர் கீழே. அடைத்த ஓட்டையைத் திறந்து, உறைக்கு வெளியே வரும்படி ஒரு ஹோஸ் துண்டு, அதன் நுனியில் ஒரு மூடி. பிள்ளையை இறக்கிவிட்டு, சனமில்லாத வெளியில் நிறுத்தித் திறந்துவிடுவார்.

மகள் பெட்டியைக் குனிந்து மணந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். பின்னேரம் வந்து, "இண்டைக்கு ரெண்டு பேர் எனக்குப் பக்கத்திலை இருந்தவை" என்றாள். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

"உம்மடை மனுசி மீன் பெட்டிக்கும் யூனிபோம் தைக்கிறாவோ?" என்று மற்ற வியாபாரிகள் அவரைப் பகிடி பண்ணினார்களாம். பண்ணட்டும். ஐஸ் கனநேரம் நிற்குமோ என்று விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உறை வாங்க வந்தது அவர்களின் மனுசிமார். "பிள்ளையிலை மணக்காதோ அக்கா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. யாருக்காகத் தைக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இப்போது உடுப்பைவிட உறைதான் அதிகம் தைக்கிறேன்.

போன மாதம் புங்குடுதீவிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்தார். பெட்டியின் அளவை நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவருடைய மனுசனும் மீன் வியாபாரிதான். "இளையவள் வாற வருசம் பெரிய பள்ளிக்கூடம் போறாள், தங்கச்சி. அதுக்கு முந்தி வேணும்" என்றார்.

"அப்ப மூத்தவள்?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் சும்மா இருக்காதே.

"அவள் ஒன்பதாம் வகுப்போடை நிண்டிட்டாள். இப்ப நண்டு உடைச்சுச் சதை எடுக்கிற இடத்திலை வேலை. அங்கை எல்லாருமே மணக்கிறதாலை, அவளை ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினமாம்."