ஆறு மணிக்கு எழும் கம்ப்யூட்டர்

ஜன்னலோர மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் தினமும் மாலை ஆறு மணிக்கு, யாரும் தொடாமலே எழுந்துகொண்டது. பகல் வேலைக்காரர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் போவார்கள். அப்புறம் மாலை வேலைக்கு வரும் பெண் கதவைத் திறந்தால், இருட்டறையில் அது ஒன்று மட்டும் வெளிச்சத்தோடு உட்கார்ந்திருக்கும். முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று திட்டினாள். பிறகு பேயறைந்த முகத்தோடு செயலாளரிடம் போய், இனிமேல் தனியாக வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அவள் வராவிட்டால் நஷ்டம் அலுவலகத்துக்கு இல்லை. தனியாக வாழும் முதியவர்களையும் நோயாளிகளையும் தினமும் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று விசாரிக்கிற தர்ம காரியம் அது. அவள் மேஜை காலியாக இருந்தால் அத்தனை வீட்டுப் போனும் சும்மா கிடக்கும். செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு, அந்தக் கம்ப்யூட்டர்களைச் செய்து கொடுத்தவளைக் கூப்பிட்டார்.

அவளுக்குத் திருப்புளியக்கா என்றுதான் பேர். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, திருப்புளி இருக்கும். தையற்கடைக்கு மேலே ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போகவேண்டிய ஓர் அறையில் பல வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களை, உங்கள் வீட்டு மானிட்டரை முதலில் துடையுங்கள் என்று அனுப்பிவிடுவாள்.

போனில் விசாரிக்கும் அந்தச் சேவைக்காரர்களின் பணத்தில் புதிது வாங்கினால் பாதி மேஜைக்குக்கூடக் காணாது. அதனால் அவள் தெரிந்தவர் வீடுகளில் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்களையெல்லாம் கேட்டு வாங்கினாள். டிஸ்க்குகளை அழித்தாள். மற்றதைக் கழற்றி, மதர்போர்டு ஒரு குவியல், மெமரி ஒரு குவியல், பெட்டி ஒரு குவியல் என்று போட்டாள். எது யார் வீட்டிலிருந்து வந்தது என்று குறித்துவைக்கவே மாட்டாள். குவியலில் விழுந்த பொருளுக்கு அம்மா அப்பா கிடையாது என்பாள். அதிலிருந்து ஒட்டி, மாற்றி, ஒப்பேற்றி ஓர் அலுவலகத்தையே நிமிர்த்திவிட்டாள். சிக்கனம் அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. போர்டில் இருக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி செத்திருந்தால் மாற்றுவாள், உயிரோடு இருந்தால் தொடமாட்டாள். அந்த பேட்டரியைக் கழற்றினால்தான் பழைய சொந்தக்காரர் செய்துவைத்த ஏற்பாடுகள் போர்டின் ஞாபகத்திலிருந்து போகும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. தேதியும் நேரமும் தவிர அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டாள்.

அந்தக் குவியலில் அவள் தம்பியுடையதும் இருந்தது.

ஒரே தம்பி. தோளில் தூக்கி வளர்த்தவன். வேறு ஊரில் தனியாக இருந்தான், நுரையீரல் கெட்டுப்போய்ப் போன வருடம் அங்கேயே செத்தான். அவன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே கழற்றி, குவியலில் போட்டுக் கலக்கிவிட்டாள். எதில் அவன் இருக்கிறான் என்று தனக்கே தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தாள். தெரிந்தால் அதைக் கட்டிக்கொண்டு அழுவதைத் தவிர வேறு வேலை நடக்காது என்று பயம்.

செயலாளரும் மாலைப் பெண்ணும் பின்னால் நிற்க, ஆறு மணிக்கு முன்பே அவள் அந்த மேஜையில் போய் உட்கார்ந்தாள். சொன்னபடியே விசிறி சுற்றியது, திரை வெளுத்தது. பெண் செயலாளரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அக்கா சிரித்துக்கொண்டே ஒரு பட்டனைத் தட்டி, போர்டின் ஏற்பாடுகளுக்குள் போய்ப் பார்த்தாள். தானாக எழும் நேரம்: தினமும், மாலை ஆறு. அலாரம் வைக்கிற மாதிரி யாரோ வைத்திருக்கிறார்கள், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று விளக்கினாள். அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்தாள்.

பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்து, அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. அத்தனை போர்டையும் அவசரத்தில் மாட்டியபோது இது அவள் கண்ணில் படவில்லை. டேப்பின் ஒரு முனை மடித்துவிடப்பட்டிருந்தது, அடுத்த முறை உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. அப்படி மடிக்கிற ஆளை அவளுக்குத் தெரியும். அவளேதான். கடைசியாகத் தம்பி வீட்டுக்குப் போனபோது ஒட்டியது.

மாலை ஆறு மணிக்குக் கடையை மூடியதும் வீடியோவில் வருகிறேன் என்று அவள்தான் அவனுக்குச் சொல்லியிருந்தாள். கொஞ்ச நாள் வந்தாள். அப்புறம் வேலை, அப்புறம் களைப்பு, அப்புறம் நாளைக்கு. ஒரு நாள் அவனே போன் செய்து, கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்ள என்ன செய்யவேண்டும் என்று கேட்டான். இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவே வழியைச் சொல்லிவிட்டு வைத்தாள். எதற்குடா என்று கேட்கவில்லை. மேஜைக்கடியில் குனிந்து பட்டனை அமுக்க அவனுக்கு மூச்சு போதவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அவள் வராத நாட்களிலும் அது ஆறு மணிக்கு எழுந்திருக்கும். அவன் அதன் எதிரே உட்கார்ந்திருப்பான்.

"என்னக்கா, பெரிய கோளாறா?" என்றார் செயலாளர்.

"இந்த போர்டை நான் எடுத்துட்டுப் போறேன் சார். நாளைக்கு வேற தரேன்."

அதை அப்படியே கடையில் கொண்டுபோய் மாட்டவேண்டும், தினமும் ஆறு மணிக்கு அதன் முன்னால் உட்காரவேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். ஒவ்வொரு திருகாகக் கழற்றினாள். போர்டை நிமிர்த்தித் தூக்கினாள். காய்ந்துபோன டேப் பிய்த்துக்கொண்டது. பேட்டரி மேஜையில் விழுந்து, உருண்டு, தரையில் எங்கோ போய்விட்டது.

அவள் மண்டியிட்டுத் தேடினாள். பெண்ணும் கூடவே குனிந்து தேடினாள். அலமாரிக்கடியில் கிடைத்தது. அக்கா அதைத் துடைத்து, பொருத்தி, போர்டை மறுபடி பெட்டியில் மாட்டி, மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். நேரத்தை மறந்துவிட்டேன், சரிசெய்யுங்கள் என்று திரை கேட்டது. போர்டு பிறந்த வருடத்துக்குத் தேதி பின்னால் போய்விட்டிருந்தது. தம்பி நன்றாக நடமாடிக்கொண்டிருந்த வருடம். தானாக எழும் நேரம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

அங்கே மறுபடி ஆறு என்று போட அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அது அவள் போட்டதாகத்தான் இருக்கும். விரல் அந்தப் பட்டன் மேல் வெகுநேரம் நின்றது. பிறகு தேதியை ஒவ்வொரு வருடமாகத் தள்ளி, அவன் செத்த வருடத்தைத் தாண்டி, இன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். இப்போது அது எல்லா போர்டையும் போல ஒரு போர்டு. எடுத்துக்கொண்டு போக அதில் ஒன்றும் இல்லை. பெட்டியை மூடித் திருகினாள்.

மாலைப் பெண் தயங்கித் தயங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். போனைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

"இனிமே வராதுல்லக்கா?"

"வராதும்மா" என்றாள்.