கண்ணாடிப் பெட்டியும் திருநீறும்

காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடையில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பது என் வேலை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் பாதியில் நின்றவன் நான். படிப்பு ஏறவில்லை, வாய் மட்டும் ஏறிக்கொண்டே போனது. வருகிறவர்களைச் சீண்டாமல் ஒரு ஸ்க்ரூ கூட என்னால் முடுக்க முடியாது. முதலாளியும் கண்டுகொள்ள மாட்டார். சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறார்களே, போதாதா.

மதுக்கரையிலிருந்து ஓர் அக்கா வந்தார். ஸ்டுடியோக்காரர்கள் கொடுக்கும் கல்யாண போட்டோவையும் வீடியோவையும் வீட்டிலேயே உட்கார்ந்து எடிட் செய்து தருபவர். பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது, புதிதாக ஒன்று பூட்ட வேண்டும் என்றார். கூடவே அவருடைய அப்பா. சிமெண்ட் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அதிகம் பேசவில்லை. ஆனால் வெளிப்பெட்டியான கேபினெட்டைக் காட்டியபோது, இருப்பதிலேயே பெரிதாக, முன்னாலும் பக்கவாட்டிலும் கண்ணாடி போட்டதை அவர்தான் கை காட்டினார்.

“ஏனுங்க ஐயா, மீன் உடப் போறீங்களா?” என்றேன்.

“உள்ள என்ன ஓடுதுன்னு தெரியோணுமில்லீங்க தம்பி. லாரின்னா பானெட்டத் தொறந்து பாத்துக்கலாம். இந்தத் தகரப் பொட்டிகள்ல எங்கீங்க பாக்கறது?”

அக்கா சிரித்தார். “அப்பாவுக்குப் புடிச்சதே இருக்கட்டுமுங்க.”

மறுநாள் பூட்டினேன். மதர்போர்டு, ப்ராசஸர், ராம், ப்ராசஸரின் சூட்டை இறக்கத் தண்ணீர் ஓடும் கூலர், ஆறு ஃபேன். ஸ்விட்சைப் போட்டதும் கண்ணாடிக்குள் நீலமும் ஊதாவுமாக விளக்குகள் சுழன்றன. இப்படிப்பட்ட மெஷினை ஒரு மணி நேரமாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நான் பத்து நிமிடம் சும்மா ஓட்டினேன். மீதி நேரம் அதை வளைத்து வளைத்து வீடியோ எடுத்தேன். ரீல்ஸில் போட வேண்டாமா?

மெஷினை எடுத்துப் போன அன்று சாயந்தரமே, அப்பா பூஜை போட்டார் என்று அக்கா ஒரு போட்டோ அனுப்பினார். கண்ணாடியின் மேல் மூன்று பட்டையாகத் திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம். முன்னால் தட்டில் சூடம், எலுமிச்சம்பழம். எங்கள் பக்கம் டிராக்டரானாலும் தறியானாலும் பொட்டு வைத்துத்தான் முதலில் ஓட்டுவோம். எங்கள் கடை பிரிண்டருக்கே பொட்டு உண்டு. இருந்தும் விடுவேனா? கடையில் எல்லாருக்கும் காட்டிச் சிரித்துவிட்டு, ‘மொட்டை அடிச்சுக் காது குத்தலீங்களா?’ என்று பதில் போட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார்.

“தம்பி, வீடியோவ முடிச்சு எக்ஸ்போர்ட் போட்டாப் பாதியிலயே மெசின் ஆஃப் ஆயிருதுங்க. காலைலருந்து நாலு தடவை. நாளைக்குக் காரமடையில ரிசப்ஷன், திரையில ஓட்டற வீடியோங்க. இதைத் தராட்டி அந்த ஸ்டுடியோ இனி எனக்கு வேலையே தராதுங்க.”

என்ன ஏதென்று நான் பார்க்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

“திருநீறு உள்ள போயிருக்குமுங்க்கா. ஃபேன் அத்தனையும் இழுத்திருக்கும். ஐயா பொட்டுத்தான் வெச்சாரா, இல்ல அபிசேகமே பண்ணிப்போட்டாரா?”

அக்கா போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார் போல. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பேசுவது கேட்டது: “வேண்டா வேண்டான்னு சொன்னேனில்லீங்கப்பா! கேட்டீங்களா? இப்ப என்ற பொழப்பே போச்சு பாருங்க!”

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதை எழுதத்தான் இப்போது கை கூசுகிறது.

பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்திருந்தார்கள். அக்கா முன்னறையில் ஸ்டுடியோக்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா கம்ப்யூட்டர் அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

“தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க தம்பி. கண்ணாடி மேல மட்டுந்தானுங்க வெச்சேன். உள்ள போவும்னு நெனைக்கலீங்க.”

“உடுங்க ஐயா, மெசினுக்குப் பக்தி முத்திப்போச்சு” என்றபடி கண்ணாடியைக் கழற்றினேன்.

உள்ளே ஒரு பொட்டுத் திருநீறு இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபேன் இறக்கைகள் புதுசாக மினுங்கின. கூலரைக் கழற்றித் திருப்பினேன்.

அடியில் ஒரு பிலிம் உரிக்காமல் அப்படியே இருந்தது. ப்ராசஸரின் மேல் உட்காரும் செம்புத் தகட்டில் கீறல் விழாமலிருக்கக் கம்பெனியில் ஒட்டி அனுப்பும் பிளாஸ்டிக் தாள் அது. உரித்துவிட்டு மாட்டு என்று சிவப்பெழுத்தில் அதிலேயே போட்டிருக்கும். உரிக்காமல் மாட்டினால் சூடு இறங்காது. சும்மா ஓட்டினால் தெரியாது. பெரிய வேலை கொடுத்தால் மெஷின் கொதித்து நின்றுவிடும். கடையில் நான் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டியிருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

காது மடல் சுட்டது.

“அதென்னுங்க தம்பி?” நிலைப்படியிலிருந்து கேட்டார்.

“கவருங்க” என்று உரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சூடு கடத்தும் பேஸ்ட் வைத்துக் கூலரை மாட்டி ஓட்டினேன். எக்ஸ்போர்ட் நிற்காமல் போனது. அக்கா ஓடி வந்தார்.

“சரியாயிருச்சுங்களா? திருநீறுதானுங்களா?”

அவருடைய அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமாங்க்கா” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், எனக்குக் காபி கொண்டு வந்து கொடுத்தார். அதையும் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. வீடியோ நன்றாக ஓடியதாம், ஸ்டுடியோ அடுத்த வேலையும் கொடுத்துவிட்டதாம். கீழே இன்னொரு வரி: ‘அப்பா அந்த ரூமுக்குள்ளயே வரமாட்டேங்கறாருங்க. நீங்க ஒருக்காச் சொன்னா வருவாரு.’ கடையில் நான் அன்று யாரையும் சீண்டவில்லை. உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே சொன்னேன். பிலிமை உரிக்காமல் விட்டது நான், திருநீறு இல்லை, தெரிந்த பிறகும் பொய் சொன்னேன்.

அவர் குழாயை மூடினார். கையை வேட்டியில் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அம்மணி, கொஞ்சம் வெளிய வா கண்ணு” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அக்கா வந்ததும் என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு அவ முன்னாலதானுங்க சொன்னீங்க. இதையும் அவ முன்னாலயே சொல்லிருங்க தம்பி.”

அவர் குரல் ஏறவில்லை. ‘ங்க’ கூடக் குறையவில்லை. முதல் தடவை எப்படியோ கொட்டிவிட்டேன். இரண்டாம் தடவை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. பொய் சொன்னேன் என்ற இடத்தில் நின்றுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. “அன்னிக்கு உங்களை எத்தனை பேசிப்போட்டனுங்கப்பா” என்றார்.

“அத உடு கண்ணு. மெசின் நல்லா ஓடுதில்ல?” என்றார் அவர்.

இருவரும் அப்படியே நின்றார்கள். என்னை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

“வாரனுங்க” என்று கிளம்பினேன்.

யாரும் “வாங்க” என்று சொல்லவில்லை.