பேனலுக்குள் பல்லி

செண்பகத்துக்கு எதைக் கண்டாலும் குமட்டும் என்பது விழுப்புரத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட தெரு முழுக்கத் தெரியும். பஸ் ஜன்னலில் காய்ந்த பான் எச்சில், டீக்கடை டம்ளரின் விளிம்பு, பந்தியில் பக்கத்து இலையிலிருந்து வழிந்து வரும் ரசம். எல்லாவற்றையும்விடப் பல்லி. அதன் வெளிறிய வயிற்றை நினைத்தாலே சோறு இறங்காது.

திண்டிவனத்துக்கு வெளியே அவள் வேலை செய்யும் கம்பெனியில் இந்தக் குணத்துக்குத்தான் சம்பளம் என்று சொல்ல வேண்டும். ராட்சதத் தொலைநோக்கியின் கண்ணாடிகளை நூலிழை பிசகாமல் அசைக்கும் மோட்டார்களுக்கு அங்கே கன்ட்ரோல் பேனல் செய்கிறார்கள். ஆள் உயர இரும்புப் பெட்டி, உள்ளே அடர்ந்த ஒயர்கள். ஒரு முடி கிடந்தாலும் செண்பகம் முகம் சுளித்துக்கொண்டே எடுத்துவிடுவாள்.

அன்று சிலி நாட்டு மலைத் தொலைநோக்கிக்குப் போக வேண்டிய பேனலைப் பூட்டி, கதவின்மேல் சீல் ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. வாசலில் லாரி. மேனேஜர் கோகுலகிருஷ்ணன், "ஒரு குறையும் இல்ல. மலை மேல ஜம்முனு ஓடும்" என்றார்.

ட்சு ட்சு என்றது பல்லி.

"பாருங்க சார், பல்லியே சொல்லிடுச்சு!" பக்கத்து மேசைப் பரிமளா விரலால் மேசையைத் தட்டினாள். மேனேஜரும் தட்டினார். எல்லோருக்கும் திருப்தி.

செண்பகம் மட்டும் தட்டவில்லை.

"சார், அது செவுத்துல இல்ல. பேனல் உள்ளருந்து சொல்லுது. அடித்தட்ட நேத்து ராத்திரி மாட்டாம வுட்டுட்டாங்க, அது வழியா பூந்திருக்கு."

மேனேஜர் லாரியைப் பார்த்தார். "தானா செத்துடும், வுடு. பிரிச்சா மறுபடியும் டெஸ்ட்டு. கப்பல் போயிடும்."

"செத்து டெர்மினல் மேல வுழுந்தா ஷார்ட்டாவும் சார்."

"சிலியில பல்லி இல்லியா? அங்கதான் பூந்துச்சுன்னு சொல்லிக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பல்லியைவிட அருவருப்பாக இருந்தது. நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்துக் கதவைத் திறந்தாள்.

"அடியே, நீயா கைய வுடப்போற? வாந்தி எடுத்தின்னா அதையும் நாங்கதான் தொடைக்கணும்" என்றாள் பரிமளா.

ஒயர்களுக்கிடையே கையுறை நுழையவில்லை. கழற்றிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்கையை விட்டாள். குளிர்ந்து மெத்தென்ற ஒன்று விரலில் வழுக்கியது. பிடித்து இழுத்தாள். உடல் வந்தது, வால் அறுந்து உள்ளே விழுந்து துள்ளியது. பல்லியை வாசலுக்கு வெளியே வீசிவிட்டு, வாலுக்காக மறுபடியும் கையை விட்டாள். அது அவள் விரலைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. சர்க்யூட் கார்டின்மேல் எச்சமும் இருந்தது. அப்புறம் யாரும் அனுப்பலாம் என்று பேசவில்லை.

லாரி காலியாகத் திரும்பியது.

"எம்.டி. கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றார் மேனேஜர்.

"சொல்றேன் சார்." கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். "மொதல்ல அந்தக் கொழாயத் தொறந்து வுடுங்க."

அவர் திறந்துவிட்டார்.